'எஸே' என்னும் ஸ்பானியச் சொல்லும் யாழ்ப்பாணத்து 'உந்த'வும்

ஸ்பெயினின் வலென்சியா நகருக்கு நான் குடிவந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு அங்கே வேலை கிடைத்ததால் மதுரையிலிருந்து புறப்பட்டு வந்தோம். வந்த இரண்டாவது மாதத்திலேயே மாலை நேர ஸ்பானிய வகுப்பில் சேர்ந்தேன். வினைச்சொல்லின் காலவிகுதிகள்தாம் இந்த மொழியில் கடினம் என்று எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். அவற்றை மனப்பாடம் செய்து ஓரளவு கடந்துவிட்டேன். ஆனால், முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்து முடித்துவிட்ட 'எஸே' என்னும் சின்னஞ்சிறு சுட்டுச்சொல் என்னை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அலைக்கழித்தது. ஸ்பானியம் கற்கும் தமிழர்கள், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், இதே இடத்தில் தடுமாறுவதைப் பின்னர் பலமுறை பார்த்ததனால் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஸ்பானியத்தில் சுட்டுகள் மூன்று: எஸ்தே, எஸே, அக்கேல். இவற்றோடு இணைந்து வரும் இடச்சொற்களும் மூன்று: அக்கீ, அஈ, அயீ. வகுப்பில் ஆசிரியை தம் கையிலிருந்த பேனாவைக் காட்டி 'எஸ்தே' என்றார். சற்றுத் தள்ளியிருந்த மேசையின் மேல் கிடந்த பேனாவைக் காட்டி 'எஸே' என்றார். சன்னலுக்கு வெளியே தெரிந்த மரத்தைக் காட்டி 'அக்கேல்' என்றார். பாடப்புத்தகத்திலும் அப்படியேதான் படம் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பூனை, கொஞ்சம் தள்ளி ஒன்று, தொலைவில் ஒன்று. நானும் இது, அது, அதோ அங்கே தெரிகிற அது என்று மூன்றாகப் பிரித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் படம் தவறில்லை. ஆனால் அதில் ஓர் ஆள் குறைகிறார். யாரிடம் பேசுகிறோமோ அவர் அந்தப் படத்தில் எங்கும் இல்லை.

அந்த ஆள் இல்லாததன் விளைவை முதலில் காய்கறிக் கடையில் கண்டேன். வலென்சியாவின் மத்தியச் சந்தை 1928ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளும் சேர்ந்த அழகிய பெருங்கூடம். அங்கே தக்காளிப் பெட்டிகளைச் சரிவாக அடுக்கியிருப்பார்கள். முன்வரிசை வாங்குகிறவர் பக்கமும் பின்வரிசை விற்கிறவர் பக்கமும் இருக்கும். எனக்குப் பின்வரிசையில், கடைக்காரரின் இடது கைக்கு அருகிலிருந்த பழங்கள் வேண்டியிருந்தன. அவர் வேறொரு பெட்டியின் மேல் கையை வைத்து, "எஸ்தோஸ்?" என்று கேட்டார். இவையா என்று பொருள். நான் விரலை நீட்டி, "நோ, எஸ்தோஸ்" என்றேன். நம் ஊர்க் கடையில் "இது இல்லை, இதுதான்" என்று விரலைக் காட்டிச் சொன்னால் அதில் யாருக்கும் குழப்பம் வராது. அவரோ என் விரலைப் பார்க்கவில்லை, சொல்லைத்தான் கேட்டார். எஸ்தோஸ் என்றால் பேசுகிறவளுக்குப் பக்கத்தில் இருப்பவை என்பதால், என் முன்னால் இருந்த முன்வரிசைப் பெட்டியிலிருந்து காய்வெட்டான தக்காளிகளை அள்ளிப் பையில் போடத் தொடங்கினார். அருகில் நின்ற முதிய பெண்மணி, "எஸோஸ், ஓம்ப்ரே, லோஸ் தே அஈ" ('அவைதானப்பா, உன் பக்கம் இருப்பவை'; எஸோஸ் என்பது எஸேயின் பன்மை) என்று குறுக்கிட்டுச் சொன்ன பிறகே அவர் கை சரியான பெட்டிக்குப் போனது.

இங்கே நடந்ததை மெதுவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் 'எஸ்தோஸ்' என்று கேட்ட அதே தக்காளிகளே எனக்கு வேண்டும் என்றாலும், நான் சொல்லவேண்டிய விடை "சீ, எஸோஸ்" என்பதுதான்; 'சீ' என்றால் ஆம். அவருக்கு அவை 'எஸ்தோஸ்', எனக்கு அவை 'எஸோஸ்'. பொருள் நகரவில்லை, பேசுகிற வாய் மாறியதால் சொல் மாறுகிறது. நான் என்றும் நீ என்றும் ஆள் மாறுவதைப் போலவே இந்தச் சுட்டும் கைமாறுகிறது. கேள்வியில் இருந்த சொல்லை அப்படியே விடையில் திருப்பிச் சொல்லும் பழக்கத்தை விட்டாலே பாதிப் பிழை போய்விடும்.

தக்காளியோடு போயிருந்தால் இதை ஒரு சின்னச் சங்கடமாக மறந்திருப்பேன். மறுமுறை அது மருத்துவரின் அறையில் நேர்ந்தது. வலது தோளில் மூன்று வாரமாக வலி. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. முதலில் பொதுவான உடல்நிலையை விசாரித்தபோது, இரண்டு ஆண்டுகளாக முழங்காலில் அவ்வப்போது வலி வருவதையும் சொல்லியிருந்தேன். பிறகு தோளைக் காட்டினேன். மருத்துவர் திரையைப் பார்த்தபடியே, "தெஸ்தே குவாந்தோ தியேனே எஸே தொலோர்?" என்று கேட்டார். 'எஸே தொலோர்' என்பது என் காதில் 'அந்த வலி' என்று விழுந்தது. தோளில் இருப்பது இந்த வலி. ஆகவே, அந்த வலி என்றால் முன்பு சொன்ன முழங்கால் வலியாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணி, "இரண்டு ஆண்டுகளாக" என்று விடை சொன்னேன். இரண்டு ஆண்டுத் தோள்வலிக்கு ஏற்ற வகையில் அவர் படம் எடுக்கவும் வேறொரு பிரிவுக்குச் செல்லவும் எழுதிக்கொடுத்தார். ஐந்து வாரம் கழித்து அந்தப் பிரிவில் விவரமாகப் பேசும்போதுதான் ஏட்டில் பதிவாகியிருந்த காலக்கணக்கு தவறு என்பது வெளிப்பட்டது. தவறு என்னுடையது, அவர் கேட்ட கேள்வி முற்றிலும் இயல்பான ஸ்பானியம். என் உடம்பில் இருக்கும் வலி அவருக்கு 'எஸே'. என் கை அவருக்கு 'எஸே' கை. மதுரையில் எந்த மருத்துவரும் "இந்த வலி எத்தனை நாளா இருக்கு?" என்றுதான் கேட்பார். பிழையின் வேர் இங்கே இருக்கிறது என்பதை அப்போது நான் அறியவில்லை.

அறிந்தது பாரிஸில். தோளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், கணவரின் நண்பர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவர்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள். லா ஷப்பேல் பகுதிக்கு அருகில் வசிக்கிறார்கள். நான் தேநீர்க் கோப்பையை இடது கையால் வாங்குவதைக் கவனித்த நண்பரின் தாயார் கேட்டார்: "உந்த நோ எப்ப துவக்கம் பிள்ளை?"

நோ என்றால் அங்கே வலி. கேள்வி புரிந்துவிட்டது, விடையும் சொன்னேன். ஆனால் 'உந்த' என்ற சொல் மனத்தில் நின்றுவிட்டது. மருத்துவர் கேட்ட அதே கேள்வி, சொல்லுக்குச் சொல் அதே வரிசையில், என் தாய்மொழியிலேயே எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது. அன்று மாலை முழுவதும் அந்த அம்மாவின் பேச்சைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பேரன் கையில் எதையோ மறைத்தபோது "உதென்ன கையிலை?" என்றார். நான் அமர்ந்திருந்த நாற்காலியைக் காட்டி "உதிலை இருக்க வசதியில்லை, இஞ்சை வாங்கோ" என்றார். மகன் எதையோ தவறாகச் சொன்னபோது "உப்பிடிச் சொல்லாதை" என்றார். தம் மடியில் இருந்தது அவருக்கு இது. சமையலறையில் இருந்தது அது. எங்கள் கையிலும் எங்கள் பக்கத்திலும் எங்கள் வாயிலும் இருந்தவையெல்லாம் உது.

பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்பது தொல்காப்பியம். 'உ என்னும் சுட்டு இன்று வழக்கில் இல்லை' என்று தேர்வில் எழுதி நான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வழக்கில் இல்லை என்பது தமிழ்நாட்டின் அளவில் மட்டுமே உண்மை. யாழ்ப்பாணத்தில் குழந்தை முதல் முதியவர் வரை நாள்தோறும் அதைப் புழங்குகிறார்கள். நம்மிடமிருந்து அந்த மூன்றாவது சுட்டு நழுவியபோது, எதிரில் இருப்பவருக்கு உரியது என்ற ஒரு பாகுபாடும் சொல்லளவில் நழுவிவிட்டது. அதனால்தான் ஸ்பானியம் அதைக் கேட்கும்போது நாம் இதுவுக்கும் அதுவுக்கும் இடையில் தத்தளிக்கிறோம். ஈழத்துத் தமிழர் ஒருவர் ஸ்பானியம் கற்றால், அவருக்கு இந்த ஒரு பாடத்தை உது என்ற ஒரே சொல்லால் முடித்துவிடலாம்.

அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் 'சற்றுத் தொலைவு' என்பதை அடித்துவிட்டு, 'உன் பக்கம்' என்று எழுதிக்கொண்டேன். இது முழு இலக்கணம் ஆகாது என்பதையும் சொல்லவேண்டும். பேசுகிற இருவரும் ஒரே பக்கம் நின்று எதிரே இருக்கும் வீட்டைப் பார்த்து 'எஸா காஸா' (அந்த வீடு; எஸா என்பது எஸேயின் பெண்பால் வடிவம்) என்பதும் உண்டு. அங்கே தொலைவுதான் கணக்கு. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் பேச்சில் அக்கேல் அருகிப்போய், தொலைவில் இருப்பதையும் எஸே என்றே சுட்டுகிறார்கள். ஆனாலும் தமிழ் மனத்துக்கு 'உன் பக்கம்' என்பதையே முதல் படியாக வைப்பது நல்லது என்பது என் முடிவு. தொலைவுக் கணக்கு நமக்குத் தானாகவே வரும். கேட்பவர் கணக்கு பழகினால்தான் வரும்.

இந்தச் சொல்லின் வரலாறும் சுவையானது. லத்தீனில் கேட்பவர் பக்கத்தைச் சுட்டிய சொல் 'இஸ்தே'. பேசுபவர் பக்கத்தைச் சுட்டிய 'ஹிக்' வழக்கொழிந்தபோது இஸ்தே நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்து இன்றைய எஸ்தே ஆயிற்று. காலியான நடு இடத்துக்கு, 'தானே, அவனே' என்று அழுத்தம் தரும் 'இப்ஸே' என்ற சொல் வந்து எஸே ஆயிற்று. வலென்சிய மொழியிலும் இதே இப்ஸே வழிவந்த 'எய்ஷே' என்ற நடுச்சுட்டு உயிரோடு இருக்கிறது. அதன் உடன்பிறப்பான பார்சிலோனாக் கத்தலான் மொழிப் பேச்சில் இரண்டு சுட்டுகளே நிற்கின்றன. தமிழ்நாட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் உள்ள வேறுபாடு அப்படியே இங்கேயும் இருப்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.

இனி, பொருளைச் சுட்டுவதைத் தாண்டி, பேச்சைச் சுட்டுவதற்கு வருவோம். பால் வேறுபாடு இல்லாத வடிவமான 'எஸோ' அங்கேதான் மிகுதியாகப் புழங்குகிறது. எதிரில் இருப்பவர் சொன்ன சொல் அவர் பக்கத்துப் பொருள். ஆகவே அது எஸோ. "எஸோ எஸ்" என்றால் 'நீங்கள் சொல்வது சரி, அதுதான்' என்று பொருள். "எஸோ நோ எஸ் வெர்தாத்" என்றால் 'நீங்கள் சொன்னது உண்மையில்லை'. நாம் சொல்லப்போகிற செய்திக்கோ எஸ்தோ வரவேண்டும். "எஸ்கூச்சா எஸ்தோ" என்றால் 'இதைக் கேள்'. "நாளைக்கு ஊருக்குப் போகிறேன்" என்று ஒருவர் திடீரெனச் சொன்னால், கேட்டவர் "ஈ எஸோ?" என்பார். இரண்டே சொற்களில் 'அதென்ன, ஏன் திடீரென்று?' என்ற முழு வியப்பும் அடங்கிவிடுகிறது. முதன்முதலாக ஒரு தோழி என்னிடம் அப்படிக் கேட்டபோது, வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று எண்ணி மீதிக்காகக் காத்திருந்தேன்.

எஸோ சேர்ந்து வரும் தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பிரித்துப் படித்தால் விளங்காது. முழுத் தொடருக்கும் ஒரு தமிழ் வழக்கை இணையாக வைத்துக்கொண்டால் உடனே பதிந்துவிடும். 'போர் எஸோ' என்பது நம் 'அதனால்'தான். இரு மொழியும் ஒரே வழியில் சுட்டிலிருந்து காரணத்தைக் கட்டியிருக்கின்றன. 'ஆ எஸோ தே லாஸ் ஓச்சோ' என்றால் எட்டு மணி வாக்கில். 'என் எஸோ' என்றால் 'அந்தச் சமயம் பார்த்து'. எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்தது 'ஈ எஸோ கே' என்ற தொடர். "தேர்வில் தேறவில்லை, ஈ எஸோ கே நன்றாகப் படித்தான்" என்பது போல வரும். அகராதிகள் 'இருந்தபோதிலும்' என்று பொருள் தந்தன. வைத்துப் பார்த்தால் வாக்கியம் நொண்டியது. ஒருநாள் என் தாயார் தொலைபேசியில், "வரவே இல்லை, இத்தனைக்கும் நேரில் போய் அழைத்தோம்" என்றபோது, அந்த 'இத்தனைக்கும்' அப்படியே 'ஈ எஸோ கே' என்பது பளிச்சென்று புலப்பட்டது. 'எஸோ சீ' என்பதற்கு 'ஆனால் ஒன்று' என்பது அளவெடுத்துத் தைத்த இணை: "புத்தகத்தைத் தருகிறேன், எஸோ சீ, நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்." 'எஸோ தே மத்ருகார்' என்று ஒருவர் தொடங்கினால், 'இந்த விடியற்காலையில் எழுந்திருப்பது இருக்கிறதே' என்று அவர் அலுத்துக்கொள்ளப் போகிறார் என்று அறிந்துகொள்ளலாம்.

ஆட்களைச் சுட்டும்போது மிகுந்த கவனம் வேண்டும். எஸோ ஒருபோதும் ஆளுக்கு ஆகாது, சொன்னால் அவமதிப்பு. எஸே, எஸா என்று தனியாகச் சொல்லி அங்கே இருக்கும் ஒருவரைக் காட்டுவதும் மரியாதைக் குறைவே. 'எஸே செஞோர்', 'எஸா செஞோரா' என்று ஐயா, அம்மா என்னும் பொருள் தரும் சொல்லைச் சேர்த்தால் போதும், உறுத்தாது. இதைவிட நுட்பமானது, சுட்டு பெயருக்குப் பின்னால் வருவது. அண்டை வீட்டார் பேச்சில் அடிக்கடி கேட்டதனால், 'எஸா ப்ரொஃபெஸோரா' என்பதும் 'லா ப்ரொஃபெஸோரா எஸா' என்பதும் ஒன்றே என்று நான் எண்ணியிருந்தேன். நான் பெரிதும் மதித்த ஓர் ஆசிரியையைப் பற்றி அவருடைய உடன்பணியாளரிடமே இரண்டாவது வடிவத்தில் பேசினேன். அவர் முகம் சுருங்கியதன் காரணம் வீட்டுக்கு வந்து விசாரித்த பிறகே தெரிந்தது. பின்னால் வைக்கும்போது, நம் பேச்சில் 'அந்தப் பொம்பளை' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லும் தொனி அதில் ஏறிவிடக்கூடும். மறுநாள் அவரைச் சந்தித்து விளக்கி மன்னிப்புக் கேட்டேன். நெருங்கிய நண்பர்களிடையே அந்த வடிவம் இயல்பாக வரலாம். கற்கிறவர்கள் அதைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், வாயால் சொல்லத் தேவையில்லை.

எழுத்தில் இரண்டு இடங்கள் குழப்பும். தண்ணீர் என்னும் 'ஆக்வா' பெண்பாற் சொல். ஒலிநயத்துக்காக மட்டும் ஆண்பால் போலத் தோன்றும் 'எல்' (ஆங்கிலத்தின் 'the' போன்ற சொல்) அதன் முன் வருகிறது. சுட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. 'எஸா ஆக்வா' என்பதே சரி. ஸ்பானியர்களே பேச்சில் 'எஸே ஆக்வா' என்று தவறுவதைக் கேட்கலாம், நாம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. மற்றது, பழைய நூல்களில் எஸே தனித்து நின்று பெயருக்குப் பதிலாக வரும்போது முதல் எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இருக்கும். 2010இல் ஸ்பானிய மொழிக் கழகங்கள் வெளியிட்ட எழுத்து விதிகளின்படி அந்தக் கோடு தேவையில்லை.

பழகிக்கொள்ள நாங்கள் வீட்டில் செய்தது மிக எளிது. இரவு உணவின்போது உப்புக் கிண்ணம் யார் கையில் இருக்கிறதோ அதற்கேற்ப, அதைக் கேட்கிறவரும் கொடுக்கிறவரும் முழு வாக்கியமாகச் சொல்லவேண்டும். அவர் பக்கம் இருக்கும்போது நான் 'எஸா சால்' என்பேன்; கைக்கு வந்ததும் அதுவே 'எஸ்தா சால்'. இரண்டு வாரத்தில் நாக்கு தானாக மாறத் தொடங்கியது. தொலைபேசிப் பேச்சு இதைவிட நல்ல பயிற்சி. அங்கே விரலுக்கு வேலையே இல்லை. நம் கையிலிருக்கும் அட்டையின் எண்ணை அலுவலர் 'எஸே நூமெரோ' என்பார், அவர் திரையில் தெரிவதை 'எஸ்தே' என்பார். இதை ஒருமுறை மனத்தில் நிறுத்திக்கொண்டால் எந்த எண்ணைக் கேட்கிறார் என்று தடுமாற வேண்டியிருக்காது. பழைய கடிதங்களில் 'எஸா' என்று மட்டும் எழுதினாலே, கடிதம் பெறுபவர் வாழும் ஊர் என்று பொருள்பட்டது; 'நாளை எஸாவுக்கு வந்து சேருவேன்' என்பார்கள். கடிதத்தைப் பிரிப்பவர் நிற்கும் மண்ணையே அந்த ஒரு சொல் சுட்டியது.

2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா மாகாணத்தைப் பெருவெள்ளம் தாக்கி இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகருக்குத் தெற்கே இருந்த ஊர்கள்தாம் சேற்றில் மூழ்கின. எங்கள் தெரு தப்பியது. மறுநாள் காலை மத்ரிதிலிருந்து கணவரின் சக பணியாளர் அழைத்து, "கோமோ எஸ்தாயிஸ் போர் அஈ?" என்று கேட்டார். அவரிடம் பேசி முடிப்பதற்குள் பாரிஸிலிருந்து அந்த அம்மாவின் அழைப்பு வந்தது. "உங்கை எல்லாரும் சுகமோ பிள்ளை?" என்றார். முன்னவரிடம் அக்கீ என்று தொடங்கியும், அம்மாவிடம் இங்கே என்று தொடங்கியும், நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று சொன்னேன்.